முன்பக்கம் அடைத்த சைட்

அநியாயம் நடந்தது இசக்கியம்மாளுக்கு. துப்பாக்கிச் சுடும் போட்டியில் தகர டப்பாக்களை ஒன்றுவிடாமல் சாய்த்தவள் அவள்தான். பதக்கம் கழுத்தில் விழுந்த சூடு ஆறுவதற்குள், ஏமாற்றிச் சுட்டாள் என்று சொல்லி அவள் கையாலேயே அதைக் கழற்ற வைத்தார்கள். மாநிலப் போட்டிக்கும் போகக் கூடாதாம்.

அவர்கள் காட்டிய காரணம், அவளுடைய ஏர் ரைஃபிளின் மேலிருந்த சைட். குறி பார்ப்பதற்கென்று பட்டாளத்தில் வைத்திருந்து, கழித்துப்போட்ட பழைய குழல். பேட்டரி கிடையாது. நுனியில் உள்ள பிளாஸ்டிக் குச்சி பகல் வெளிச்சத்தை வாங்கி உள்ளே ஒரு சிவப்புப் பொட்டாகக் காட்டும், அவ்வளவுதான். மற்றபடி முன்பக்கம் அடைப்பு. அடைத்த குழல் வழியே டப்பா எப்படித் தெரியும், வேறு ஏதோ தில்லுமுல்லு என்பது அவர்கள் வாதம்.

அந்த சைட்டுக்கு உயிர் கொடுத்தது மேலப்பாளையத்தில் ஜுலைகா வைத்திருந்த பட்டறை. இயற்பியல் படித்துவிட்டு பைனாகுலரும் மைக்ராஸ்கோப்பும் பழுதுபார்க்கிறவள், முப்பது வயது. அவளிடம் தொழில் கற்க வந்த தணிகாசலமோ ஐம்பதைத் தாண்டிய பட்டாளத்துக்காரர். அவளை டீச்சர் என்பார். சைட்டின் அடிக்கட்டையை அராவி, ஏர் ரைஃபிளில் உட்காரும்படி மாற்றியது அவர்தான்.

"முன்னால ஏன் டீச்சர் அடைச்சிருக்கு?" என்று அன்றைக்கே கேட்டார்.

"பாத்தா தெரியும்."

அவர் பார்க்கவில்லை. துடைத்து, இசக்கியிடம் கொடுத்துவிட்டார்.

போட்டியன்று மைதானத்தில், போட்டி நடத்திய சங்கத்துச் செயலாளர் அவரைத்தான் கூப்பிட்டார்.

"ஓய் தணிகாசலம், நீரு பட்டாளத்துக்காரரு, பொய் சொல்ல மாட்டீரு. இதுக்குள்ள பாரும். டப்பா தெரியுதா?"

பழகின பழக்கம். இடது கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு பார்த்தார். கும்மிருட்டு. நடுவில் சிவப்புப் பொட்டு.

"தெரியலைங்க."

"ரெண்டு கண்ணையும் திறந்து பாருங்க அண்ணாச்சி!" இசக்கி கத்தினாள்.

"ரெண்டு கண்ணையும் திறந்துக்கிட்டு நிக்க இது என்ன கல்யாண வீட்டு போட்டோவா?" என்றார் செயலாளர்.

கூட்டம் சிரித்தது. படித்த கூட்டம்தான். திறந்துதான் பார்ப்போமே என்று ஒருத்தருக்காவது தோன்ற வேண்டுமே!

"நீங்க செஞ்சு தந்த சைட்டு அண்ணாச்சி" என்றாள் இசக்கி.

"கண்டதைத்தானே பிள்ள சொல்ல முடியும்" என்றார் அவர்.

குப்பையை எடுத்துக்கொண்டு போம் என்று செயலாளர் சைட்டை அவர் கையிலேயே திணித்தார். அதோடு தணிகாசலம் நேராகப் பட்டறைக்கு வந்தார்.

"டீச்சர், நான் பொய் சொல்லல. ஆனா அந்தப் பிள்ள பாத்த பார்வை நெஞ்சை அறுக்குது. உண்மையைச் சொன்னது குத்தமா?"

"சுவத்துல பல்லி இருக்கு. அதைக் குறி பாருங்க."

இடது கண்ணை மூடினார். "இருட்டுதான் டீச்சர்."

"பல்லி எந்தப் பக்கம் போகுது?"

வலது கண்ணிலிருந்து குழலை எடுக்காமலே இடது கண்ணைத் திறந்தார்.

பல்லியின் முதுகில் சிவப்புப் பொட்டு.

தூக்கிவாரிப் போட்டது. பல்லி நகர்ந்தது, குழலைத் திருப்பினார், பொட்டும் பின்னாலேயே போனது. அடைத்த குழலைத் தாண்டிச் சுவர் தெரிந்தது, ஆணி தெரிந்தது, போன வருசத்துக் காலண்டர் தெரிந்தது. கண்ணை மூடினார், இருட்டு. திறந்தார், பல்லி.

"ஒரு கண்ணு பொட்டைப் பாக்குது, இன்னொண்ணு பல்லியைப் பாக்குது" என்றாள் ஜுலைகா. "ரெண்டையும் மண்டை ஒண்ணு சேத்துக்கிடும்."

"வாலிப வயசுல இருந்து துப்பாக்கி புடிச்சவன் டீச்சர் நான்!"

"ஒரு கண்ணை மூடிக்கிட்டுல்லா புடிச்சீங்க."

அவர் உட்காரவில்லை. செருப்பை இடம் வலம் மாற்றி மாட்டிக்கொண்டு செயலாளர் வீட்டுக்கு ஓடினார்.

திரும்பி வந்து பட்டறை வாசலிலேயே நின்றார்.

"கண்ணைத் திறக்க மாட்டேங்காரு டீச்சர். கெஞ்சிப் பாத்துட்டேன். 'நீரே தெரியலைன்னு ஊரறியச் சொல்லிட்டீரு, அதுக்கு மேல எனக்கு என்னவே சாட்சி வேணும்'ங்காரு. என் வாயை வச்சே என் வாயை அடைச்சுட்டாரு! விட மாட்டேன். கலெக்டர் ஆபீஸுக்குப் போறேன். பேப்பர்க்காரங்களைக் கூட்டிட்டு வாரேன். இன்னும் யார்கிட்ட போகணும்னு சொல்லுங்க, போறேன்."

ஜுலைகா லென்ஸ் துடைத்த துணியை மடித்து வைத்தாள்.

"பதக்கத்தைக் கழத்திக் குடுத்துட்டு ஒரு பிள்ள நின்னுச்சே" என்றாள். "அதுகிட்ட போனீங்களா அண்ணாச்சி?"