தெக்லா வீட்டுச் செவந்த குருத்து

இந்தக் கதைய எனக்கு மொதல்ல சொன்னது எங்க சின்னம்மா ரோசலி. எனக்கு அம்மை போட்டிருந்த வருசம், வேப்பிலையால தடவிக்கிட்டே சொன்னாக.

கடலோரமா ஒரு ஊர்ல தெக்லான்னு ஒருத்தி இருந்தா. அவ மக கல்யாணத்துல தாய்மாமனுக்குச் செய்ய வேண்டிய மரியாதை எப்படியோ விட்டுப்போச்சு. கப்பல்ல வேல பாக்குற தம்பி கஸ்பார், "அப்போ நான் யாருக்கா?"ன்னு கேட்டுட்டுப் போனவன்தான். ஆறு வருசமா எட்டிப் பாக்கல. ம் கொட்டு.

அப்புறம் ஒருநாள், எங்கயோ தீவுலேர்ந்து ஒரு பனங்கன்னு அனுப்பி விட்டான். நம்ம ஊர்ப் பனை இல்ல, அழகுக்கு வைக்கிற பனை. கூடவே ஒரு சீட்டு: "அக்கா, ஒரே கன்னுதான். நட்டு வை. வந்து பாக்கேன்."

தெக்லா கிணத்தடில நட்டா. இது பட்டுப்போனா தம்பியும் வரமாட்டானேன்னு விடிஞ்சாலும் அடைஞ்சாலும் போய்ப் போய்ப் பாத்தா.

அப்போ குருத்து விரிஞ்சுது. பாத்தா ரத்தச் செவப்பு! "மாமரம் செவப்பாத் தளிர்க்கும், பனை தளிர்க்குமா? யேசுவே, வெயில்ல வெந்துபோச்சே!" பழஞ்சேலையப் பந்தலாக் கட்டினா. பத்து நாள்ல பச்சையாச்சு. அப்பாடா!

அப்புறம் ரெண்டாவது குருத்து. அதுவும் செவப்பு. பந்தல்தான் இருக்கே, பொறவு ஏன்? அரிசி கழுவின தண்ணிய சளக்கு சளக்குனு ஊத்தினா. அதுவும் பச்சையாச்சு. பந்தலா, தண்ணியா, எது கேட்டுச்சு? அவளுக்கு ஒண்ணும் வெளங்கல. தூங்கிட்டியா? ம்.

மூணாவதும் செவப்பு. இனி மாதாதான் கதின்னு நவநாள் செபம் தொடங்கினா. அன்னைக்கே கடுதாசி வருது, நாலு நாள்ல தம்பி வாரான்னு. செபம் முடிய ஒம்பது நாள் வேணுமே! மாதாவ அவசரப்படுத்த முடியுமா? நாலாம் நாள் விடியவும், தம்பி கண்ணுல படக்கூடாதுன்னு அருவாள எடுத்தா. நறுக்! செவப்போலைய அரிசிப் பானைக்குப் பின்னால ஒளிச்சு வச்சா.

கஸ்பார் வந்தான். பையக்கூட எறக்கல, பனங்கன்னச் சுத்திச் சுத்திப் பாத்தான்.

"ஏக்கா, செவப்பு எங்க?"

"என்னதுலே?"

"புது ஓல செவப்பா வருமே, பத்து நாளைக்கு? அதுக்குத்தானே இந்தப் பனையே!"

"அப்போ பந்தல்? தண்ணி? மாதா?" தெக்லா திருதிருன்னு முழிச்சா. ஓடிப்போய் ஓலைய எடுத்தாந்து நீட்டினா. "நான்தாம்லே வெட்டுனேன். அன்னைக்குக் கல்யாணத்துல உன்ன விட்டேன், இன்னைக்கு இதையும்..." ஓன்னு அழுதா.

மத்தியானமே திரும்பணும்னு வந்தவன் அவன்.

"அடுத்த குருத்து எப்போக்கா?"

"நாலு மாசம் ஆகும்லே."

"சரி, அதப் பாக்காம நான் போகல. சோத்தப் போடு."

அவ்வளவுதான். கத சோறு திங்கப் போயிருச்சு, நீ கண்ண மூடு. அந்தப் போர்வைய எனக்கும் கொஞ்சம் விடு.