கெம்பி வரும் வழி

மலையிலிருந்து இறக்கிவிடப்பட்டவர்களுக்குச் சமவெளியில் கட்டிக்கொடுத்த காலனி அது. எல்லா வீடும் ஒரே அச்சு, எல்லாவற்றுக்கும் இரும்புக் கதவு. பெள்ளன் தன் வீட்டுக்குள் ஒரு நாளும் படுத்ததில்லை. வாசலில் சாக்கை விரித்து, மலையைப் பார்த்தபடி கிடப்பான்.

கோடையில் அவன் மனைவி கெம்பி செத்துப்போனாள்.

அந்தச் சனங்களுக்கு ஒரு முறை உண்டு. செத்தவர்கள் முதல் மழையோடு ஒருதரம் வீட்டுக்கு வந்து போவார்கள். புதைத்த இடத்திலிருந்து வீடுவரைக்கும் வழியைச் சுவரில் தீட்டி வைக்க வேண்டும். கூட வாழ்ந்தவர் கையால்தான் தீட்ட வேண்டும். இல்லாத எதையும் தீட்டக் கூடாது. தீட்டினால் வருகிறவர் வழி தப்பிவிடுவார்.

பெள்ளனுக்குத் தீட்டத் தெரியாது. காலனியில் தீட்டத் தெரிந்த ரங்கியிடம் போய்க் கற்றுக்கொண்டான். அவள் வயதில் இளையவள், வாயில் மூத்தவள்.

வானம் கறுக்கத் தொடங்கிய ஒரு மத்தியானம் அவளைக் கூட்டிவந்து சுவரைக் காட்டினான். தேன்பாறை, ஓடை, மூங்கில் புதர், பழைய குடிசை. கரியும் செம்மண்ணும் இன்னும் காயவில்லை.

“கை நல்லா வந்திருக்கு, அண்ணா,” என்றாள் ரங்கி. “கெம்பியை எங்கே புதைச்சோம்?”

“ரேஷன் கடைக்குப் பின்னால.”

“இதுல ரேஷன் கடை எங்கே?”

“அதையெல்லாமா தீட்டுவாங்க? நம்ம இடம் மலைதானே. இது எப்போ நம்ம இடமாச்சு?”

“சரி. அவ மலைக்கே போறா. அங்கே யார் இருக்கா?”

ரங்கி ஈரத் துணியை நீட்டினாள். பெள்ளன் வாங்கிச் சுவரைத் துடைத்தான். தேன்பாறையைத் துடைக்கும்போது மட்டும் கை மெதுவாகப் போனது.

பிறகு இருவரும் புதைத்த இடத்துக்குப் போய், அங்கிருந்து வீட்டை நோக்கி நடந்தார்கள். டிரான்ஸ்பார்மர் அருகில் ரங்கி நின்றாள்.

“இதைத் தீட்டு.”

“இந்தச் சனியனையா? எந்நேரமும் இரையுது.”

“சனியன்னு பேரு வெச்சது நீயா?”

பெள்ளனுக்கு லேசாகச் சிரிப்பு வந்தது. “அவதான். தண்ணிக் குடத்தோட தாண்டறப்பல்லாம் திட்டிட்டுத்தான் போவா.”

“அப்போ பார்த்ததும் தெரிஞ்சுக்குவா.”

அவன் மறுபடி தீட்டினான். ரேஷன் கடை. டிரான்ஸ்பார்மர். அவள் சண்டை போட்ட குழாயடி. கோடு கடைசியில் வீட்டுக்கு வந்தது. கை நின்றது.

“கதவைத் திறந்து தீட்டவா, மூடித் தீட்டவா?”

“எப்படி இருக்கு?”

“மூடித்தான் கிடக்கு.”

“உள்ளே யாரு?”

“யாருமில்ல.”

“யாருமில்லாத வீட்டுக்கா அவளை நனைஞ்சுக்கிட்டு வரச் சொல்றே?”

“என்னை உள்ளே தீட்டிடட்டுமா, ரங்கி?”

“நீ உள்ளேயா இருக்கே?”

பெள்ளன் தூரிகையைக் கீழே வைத்தான். ரங்கி வாசலில் கிடந்த சாக்கை எடுத்து உதறினாள். கதவைத் தள்ளித் திறந்து, மூட்டாத அடுப்புக்குப் பக்கத்தில் அதை விரித்துவிட்டு வெளியே வந்தாள். களைத்துப் போய்ச் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

“தீட்டி முடிக்கறதுக்குள்ள மழை வந்துட்டா?” என்றான்.

“மேகம் இன்னும் மலை மேலதான் நிக்குது. இன்னிக்கு உள்ளே படு, அண்ணா. காலையில தீட்டு.”