வந்தபோது இருந்தபடி

சொன்னதைச் செய்கிறவர்கள் ஊரில் உண்டு, செய்யாதவர்களும் உண்டு. சொன்னதை மட்டும், சொன்ன அளவுக்கு மட்டும், ஒரு இம்மி கூடாமல் குறையாமல் செய்கிறவர்கள் நான்கே பேர். நால்வரும் ஓர் ஒன்றிய அலுவலகத்தின் கட்டுமானப் பிரிவில் முப்பது வருஷம் குப்பை கொட்டிவிட்டு ஓய்வு பெற்றவர்கள். அவர்கள் போன பிறகு அந்தப் பிரிவில் வேலை நடக்க ஆரம்பித்துவிட்டதாகக் கேள்வி.

நால்வரில் மூத்தவர் குற்றாலிங்கம். அவர் சொன்னால் சங்கரநயினாரும் தளவாயும் இசக்கியப்பனும் மறுபேச்சுப் பேசமாட்டார்கள். மறுகுறிப்பு மட்டும் எழுதுவார்கள்.

குற்றாலிங்கத்தின் ஒரே மகள் கோமதிக்கு ஞாயிற்றுக்கிழமை சாயந்தரம் ஐந்து மணிக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளையின் அப்பா நெல்லைநாயகம் தணிக்கைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். பொல்லாத மனுஷன். "அஞ்சுன்னா அஞ்சுதான். நேரம் தப்புச்சுன்னா தட்டைத் தூக்கிட்டுப் போய்க்கிட்டே இருப்போம்" என்று முதல் நாளே சொல்லிவிட்டார்.

சனிக்கிழமை காலை வீடு முழுக்க ஆளும் சாமானுமாகக் கிடந்தது. குற்றாலிங்கம் எல்லார் காலுக்குள்ளும் புகுந்து புறப்பட்டு, வாழைத்தாரை மூன்று முறை இடம் மாற்றினார். அவர் மனைவி உலகம்மாள் பொறுத்துப் பார்த்தாள்.

"இந்தா பாருங்க. நாளைக்குச் சாயந்தரம் அஞ்சு மணி வரைக்கும் என் கண்ணுல படாதீங்க. எங்கயாவது காட்டுலயோ மலையிலயோ போய் இருங்க."

"காட்டுலயா, மலையிலயா?"

"ரெண்டுலயுந்தான்."

இரண்டும் சேர்ந்த இடம் எது என்று நால்வரும் கூடி யோசித்தார்கள். இரண்டு மணி நேரத் தொலைவில் தேன்பாறை முகாம் இருந்தது. காடும் உண்டு, மலையும் உண்டு, போதாததற்கு ஓடையும் உண்டு. ஒரு வேனைப் பிடித்துக் கிளம்பிவிட்டார்கள்.

முகாமில் காவலர் மாசானம் கையில் கம்போடு வந்து வரவேற்றார். அவர் எத்தனையோ பேருக்குச் சொல்லி அலுத்ததை இவர்களுக்கும் சொன்னார்.

"சார், நடக்கப் போனா பாதையை விட்டு இறங்காதீங்க. குரங்குக்கு முன்னால வச்சு எதையும் சாப்பிடாதீங்க. கூடாரத்து ஜிப்பை எப்பவும் மூடியே வைங்க, பூச்சி பொட்டு வந்துரும். நாளைக்குப் போகும்போது பதிவேட்டுல கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க, அவ்வளவுதான்."

பதிவேட்டில் ஒரே ஒரு வாசகம் அச்சடித்திருந்தது. 'முகாம் இடம், நாங்கள் வந்தபோது இருந்தபடியே விடப்பட்டது.' அதையே பெரிய எழுத்தில் ஒரு பலகையிலும் எழுதி ஓடைக்கரையில் நட்டிருந்தார்கள். அதைப் படித்ததும் நால்வருக்கும் பிறந்த வீட்டுக்கு வந்த மாதிரி இருந்தது.

"அப்ப முதல்ல 'பணிக்கு முன்' படம் எடுக்கணும்" என்றார் தளவாய், கைப்பேசியை எடுத்துக்கொண்டு.

அவர்கள் பிரிவில் எந்த வேலைக்கும் முன்னால் ஒரு படம், பின்னால் ஒரு படம் உண்டு. இரண்டும் ஒத்துப் போகவேண்டும். முன் படத்தில் ஆய்வு செய்யும் அதிகாரி கட்டாயம் நிற்கவேண்டும். அதிகாரி என்று தெரிவதற்காக எதையாவது சுட்டிக்காட்டவும் வேண்டும். ஆகவே குற்றாலிங்கம் கூடாரத்துக்கு முன்னால் இருந்த பாறைமேல் ஏறி, இடது கையை இடுப்பில் வைத்து, வலது கையால் ஓடையைச் சுட்டிக்காட்டினார். ஓடை ஒன்றும் தப்புச் செய்யவில்லை. தளவாய் படம் எடுத்தார். மணி மூன்றரை.

பிறகு நடக்கப் போனார்கள். பாதை ஓர் ஆள் அகலம். பாதி தூரத்தில் எதிரே ஒரு குடும்பம் இறங்கி வந்தது. விலகி வழி விட்டால் பாதையை விட்டு இறங்கியதாகிவிடும். விலகாமல் இருந்தால் அவர்கள் போகமுடியாது. நால்வரும் கலந்து பேசி, முகத்தைத் திருப்பாமல் அப்படியே பின்னால் நடக்க ஆரம்பித்தார்கள். அந்தக் குடும்பம், இது ஏதோ புதுவகை உடற்பயிற்சி என்று நினைத்து, முகாம் வரைக்கும் கைதட்டி உற்சாகப்படுத்திக்கொண்டு வந்தது.

திரும்பி வந்து புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்தால் ஒரு குரங்கு எதிரே உட்கார்ந்திருந்தது. முன்னால் வைத்துச் சாப்பிடக்கூடாது என்பதால் நால்வரும் பொட்டலத்தோடு அதன் முதுகுப் பக்கம் போனார்கள். குரங்கு திரும்பிக்கொண்டது. மறுபடி சுற்றினார்கள். இப்படி ஏழெட்டுச் சுற்று சுற்றியதில் இசக்கியப்பனுக்குத் தலை கிறுகிறுத்துப் பொட்டலத்தைக் கீழே வைத்தார். குரங்கு எடுத்துச் சாப்பிட்டது.

"நமக்கு முன்னால வச்சுத்தான் திங்குது" என்றார் சங்கரநயினார்.

"திங்கலாம். அதுக்கு அப்படி ஒண்ணும் உத்தரவு இல்ல" என்றார் குற்றாலிங்கம்.

கூடாரத்து ஜிப்பை எப்பவும் மூடியே வைக்கவேண்டும் என்பதால் உள்ளே போக வழி இல்லை. வாடகைக் கூடாரத்தைச் சுற்றி வெளியிலேயே துண்டை விரித்துப் படுத்துக்கொண்டார்கள். சொன்னபடியே கூடாரத்துக்குள் ஒரு பூச்சிகூடப் போகவில்லை. எல்லாம் வெளியில்தான் இருந்தன.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குச் சரிபார்ப்புத் தொடங்கியது. வேன் பன்னிரண்டு மணிக்குக் கிளம்பினால் ஊருக்கு இரண்டு மணிக்குப் போய்விடலாம். குளித்து, பட்டுவேட்டி கட்டி, மகளுக்கு நிச்சயம் பண்ணி உட்காரலாம். குற்றாலிங்கம் அதையே நினைத்துக்கொண்டு பாறைமேல் ஏறி நின்றார். அவர் நின்றால்தான் படத்தோடு ஒப்பிட முடியும்.

தளவாய் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துச் சொல்லச் சொல்ல மற்ற இருவரும் வேலை செய்தார்கள். படத்தில் மரத்தடியில் ஒரு பிஸ்கட் உறை கிடந்தது. யாரோ போட்டது. நேற்றே மாசானம் அதை எடுத்துக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டார். சங்கரநயினார் தொட்டிக்குள் பாதி உடம்பை விட்டுத் தேடி எடுத்துப் பழைய இடத்தில் வைத்தார். உதிர்ந்திருந்த இலைகளில் பதினொன்றை நூலால் கிளையில் கட்டினார்கள். ஓடையில் தண்ணீர் நேற்றைவிட இரண்டு விரற்கடை ஏறியிருந்தது. இசக்கியப்பன் வாளியால் முகந்து முகந்து பார்த்தார். ஓடை இறங்கிவருவதாகத் தெரியவில்லை.

"எங்க ஊத்துதீரு?" என்றார் குற்றாலிங்கம் பாறையில் இருந்தபடி.

"மேல பக்கம்தான். கீழ ஊத்தினா அடுத்த முகாம்காரனுக்குத் தொந்தரவுல்லா."

கடைசியில் 'நீர்மட்டம் ஏற்கப்பட்டது' என்று ஒரு தாளில் மறுகுறிப்பு எழுதி விஷயத்தை முடித்தார்கள். அதற்குள் தளவாய் அடுத்த சந்தேகத்தைக் கிளப்பினார்.

"அண்ணாச்சி, படத்துல நிழல் கிழக்க விழுது. இப்ப மேக்க விழுதே."

வெகுநேரம் யோசித்துவிட்டுக் குற்றாலிங்கம் தீர்ப்புச் சொன்னார். "நிழல் சூரியனோடது வே. அது வேற துறை."

எல்லாரும் நிம்மதியாக மூச்சுவிட்டார்கள். பதினொன்றே முக்காலுக்குப் படமும் இடமும் ஒத்துப்போயின. மாசானம் பதிவேட்டை நீட்ட, குற்றாலிங்கம் பாறைமேல் நின்றபடியே கையெழுத்துப் போட்டார். வேன்காரர் ஹாரன் அடித்தார். குற்றாலிங்கம் ஒரு காலைக் கீழே வைத்தார்.

"அண்ணாச்சி, நில்லும்" என்றார் தளவாய். "நீரு இறங்கினா ஒத்துப் போவலயே. படத்துல பாறைமேல ஆள் இருக்கு."

குற்றாலிங்கம் காலை மேலே இழுத்துக்கொண்டார்.

"அண்ணாச்சி அசையும் பொருள்தான? எடுத்துட்டுப் போவலாமே" என்றார் இசக்கியப்பன்.

"அசையும்ங்கதுக்கு என்ன ஆதாரம்? படத்துல அசையலயே" என்றார் தளவாய்.

"அப்ப அவருக்குப் பதிலா நான் நிக்கட்டா?" என்று சங்கரநயினார் கேட்டார்.

"நம்ம பிரிவுல கிணத்துக் கோப்பு என்னாச்சுன்னு மறந்துட்டீரா? முன் படத்துல கருப்பு நாய் நின்னுச்சு. பின் படத்துல செவலை நாயை நிறுத்தினோம். மூணு மாசம் கோப்பு நகரலயே" என்றார் தளவாய்.

மாசானம் தலையில் கை வைத்துக்கொண்டார். "சார், படத்துல இருந்தா இருந்துட்டுப் போகுது. நீங்க பாட்டுக்கு இறங்கி வாங்க. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்."

"அதை எழுத்துல தருவீரா?" என்றார் குற்றாலிங்கம் ஆசையோடு.

"எதை?"

"இடத்துல இருந்து குற்றாலிங்கத்தை அகற்ற ஆட்சேபணை இல்லைன்னு."

மாசானம் இருபது வருஷச் சர்வீசில் எதையும் எழுத்தில் தந்ததில்லை. பதிவேட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு நகர்ந்துவிட்டார்.

முப்பது வருஷத்தில் குற்றாலிங்கம் பார்க்காமல் போட்ட கையெழுத்து ஆயிரம் இருக்கும். பார்த்துவிட்டுப் பொய்யாகப் போட்டது ஒன்றுகூடக் கிடையாது. இப்போது இறங்கினால் அந்தப் பேர் போய்விடும். இறங்காவிட்டால் கோமதியின் நிச்சயம் போய்விடும். பெண்ணைப் பெற்றவன் இல்லாத சபையில் அந்த நெல்லைநாயகம் ஒரு நிமிஷம் உட்காருவாரா? கோமதி தட்டு மாற்றும்போது தன் முகத்தைத்தான் முதலில் பார்ப்பாள் என்று நினைத்ததும் அவருக்குக் கண் கலங்கியது. படத்தில் கண் கலங்கவில்லை என்பதால் உடனே துடைத்துக்கொண்டார்.

இசக்கியப்பன் மட்டும் வேனில் போய் உலகம்மாளிடம் நடந்ததைச் சொன்னார். அவள் ஒரு சொம்புத் தண்ணீரை முழுக்கக் குடித்துவிட்டு யோசித்தாள். முப்பத்தோரு வருஷம் குடித்தனம் நடத்தியவள்.

"அந்த மனுஷன் இறங்கமாட்டாரு. வேனைத் திருப்பச் சொல்லுங்க. நாம ஏறுவோம்" என்றாள். மாப்பிள்ளை வீட்டாருக்கும் ஆள் அனுப்பினாள்.

நாலே முக்காலுக்கு இரண்டு வேன்கள் தேன்பாறைக்கு வந்து நின்றன. தாம்பாளம், பழம், பூ, பட்டுப்புடவை என்று மாப்பிள்ளை வீட்டார் இருபத்துமூன்று பேர் இறங்கினார்கள். குற்றாலிங்கம் இடுப்பில் ஒரு கையும் ஓடையைக் காட்டி ஒரு கையுமாக நின்றார். சம்பந்திக்கு ஒரு வணக்கம் சொல்லக்கூடக் கை இல்லை.

கோமதி பாறை அருகில் வந்தாள். "அப்பா, எனக்காக ஒரு நிமிஷம் இறங்கக்கூடாதா?"

"கையெழுத்துப் போட்டுட்டேம்மா" என்றார். கோமதி கைக்குட்டையால் அவர் பாதத்தில் ஊர்ந்த எறும்பைத் தட்டிவிட்டு, பாறை ஓரமாகவே நின்றுகொண்டாள்.

நெல்லைநாயகம் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஓடைக்கரைப் பலகையைப் படித்தார். மறுபடியும் படித்தார். பதிவேட்டை வாங்கிக் கையெழுத்தைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். பாறையைப் பார்த்தார். பிறகு மைத்துனரைக் கூப்பிட்டுக் காதில் ஏதோ சொல்ல, மைத்துனர் விறுவிறுவென்று வேன் பக்கம் போனார். தட்டைத் தூக்கிக்கொண்டு கிளம்பப் போகிறார்கள் என்று உலகம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"முப்பத்திரண்டு வருஷம் தணிக்கை பண்ணியிருக்கேன்" என்றார் நெல்லைநாயகம், எல்லாருக்கும் கேட்கும்படி. "ஒரு இடத்துலகூடப் படமும் பொருளும் ஒத்துப் போய் நான் பார்த்ததில்ல. இன்னைக்குத்தான் பார்த்தேன். இந்த வீட்டுல பெண் எடுக்க எங்களுக்குக் குடுத்து வச்சிருக்கணும்."

ஐந்து அடித்தபோது பாறையடியில் தட்டு மாற்றினார்கள். படத்தில் குற்றாலிங்கத்தின் கையில் தட்டு இல்லை என்பதால் உலகம்மாள்தான் வாங்கிக்கொண்டாள். கோமதி நிமிர்ந்து அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். இப்படி ஒரு சம்பந்தி வாய்த்ததில் அவருக்கு ஆனந்தம் தாங்கவில்லை. ஓடையைக் காட்டிய விரலை மட்டும் அசைக்கவில்லை.

ஆறு மணி ஆனதும் மாசானம் கம்பைத் தட்டினார். "எல்லாரும் கிளம்புங்க. வாசலைப் பூட்டணும்."

பெண்கள் பாத்திரங்களைக் கட்ட ஆரம்பித்தார்கள். நெல்லைநாயகம் கையை உயர்த்தி அவர்களை நிறுத்தினார்.

"எங்க போறீங்க? சம்பந்திக்கு ஒரு விதி, நமக்கு ஒரு விதியா? பலகையைப் படிச்சதும் மச்சானை விட்டு வேன் மேல ஏறிப் படம் எடுக்கச் சொல்லிட்டேன். அவங்கவங்க இருந்த இடத்துல போய் நில்லுங்க."

மைத்துனரின் கைப்பேசியைச் சுற்றிக் கூட்டம் கூடியது. மாப்பிள்ளை ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். மாப்பிள்ளையின் பெரியத்தை மரத்தடியில் போய் நின்றாள்; படத்தில் பாதி உரித்திருந்த வாழைப்பழம் தீர்ந்துவிட்டதால் வேறொன்றைப் பாதி உரித்துக்கொண்டாள். வேன்காரர் கொட்டாவி விட்டபடி நின்றார். கோமதி சிரித்துக்கொண்டே பாறை ஓரத்துக்கு வந்தாள்.

மாசானம் அவர்களை விலக்கிவிட்டு, இந்தக் கூத்தை நிறுத்தவேண்டும் என்றுதான் கைப்பேசியைப் பிடுங்கிப் பார்த்தார். படத்தின் வலது ஓரத்தில் அவரே நின்றிருந்தார்.

கைப்பேசியைத் தளவாயிடம் கொண்டுபோய் நீட்டி, "சார், கொஞ்சம் பெரிசு பண்ணிப் பார்த்துச் சொல்லுங்க. கம்பு எந்தக் கையில இருக்கு?" என்றார்.