கொடி இணைப்பா, நூல் இணைப்பா?

ஓர் ஓடை குறுக்கே ஓடிய காட்டில், ஈச்சம்புதருக்கு அடியில் ஒரு சருகுமான் குடியிருந்தது. சருகுமானைப் பார்த்திருக்கிறீர்களா, குழந்தைகளே? முயலைவிடச் சற்றே பெரியது. ஓர் இலை விழுந்தாலும் ஒளிந்துகொள்ளும். இந்தச் சருகுமானோ தன் நிழலைக் கண்டாலே இரண்டடி தள்ளி நிற்கும்.

அதற்கு உறவு என்று இருந்தது ஒரே ஒரு தங்கைதான். தங்கை மறுகரையில் இருந்தது.

அந்த வருடம் மழை பெய்யவில்லை. மறுகரையில் புல் கருகியது. அங்கிருந்த மான்கள் மலையைத் தாண்டிப் போய்விட முடிவு செய்தன.

தங்கை தண்ணீர் குடிக்க வந்தபோது சொன்னது: "அக்கா, போனால் திரும்பி வருவோமோ என்னவோ. எந்த நாள் புறப்படுவோம் என்றும் தெரியவில்லை. புறப்படும்போது உன்னைக் கூப்பிடுகிறேன். துறைக்கு வந்துவிடு. என் குட்டியை நீ இன்னும் பார்க்கவே இல்லையே!"

"நீ கூப்பிட்டால் போதும், ஓடி வந்துவிடுவேன்," என்றது சருகுமான்.

ஆனால் புதருக்கும் துறைக்கும் நடுவே ஒரு வெட்டவெளி. அங்கே சிறுத்தை உலாவும். துறையிலேயே நாள்கணக்கில் காத்துக் கிடக்க முடியாது. அழைப்பு வந்தால் ஒரே ஓட்டமாகப் போய் வரலாம். அதற்கு வீட்டில் ஓர் இணைப்பு வேண்டும்.

அந்தக் காட்டில் இணைப்புக் கொடுப்பவர்கள் இருவர். ஒருவர் குரங்கு. மரத்துக்கு மரம், மறுகரை வரைக்கும் இழுத்துக் கட்டிய நீளமான கொடி ஒன்று அதனிடம் இருந்தது. அந்தக் கொடியில் சுரைக்குடுக்கையைத் தொங்கவிட்டால் யாரும் யாரோடும் பேசலாம். மற்றவர் சிலந்தி. அது ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குத் தனி நூல் இழுத்துத் தரும்.

சருகுமான் முதலில் சிலந்தியிடம் போனது.

"மறுகரைக்கு ஒரு நூல் வேண்டும். எப்போது கிடைக்கும்?"

"கீழைக்காற்று வந்ததும். நூலை ஓடைக்கு மேலே காற்றில்தான் விட வேண்டும். காற்றுதான் அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கும்."

"காற்று எப்போது வரும்?"

"அது என் கையில் இல்லையே."

கேட்டதற்கு மேல் ஒரு வார்த்தை பேசாது சிலந்தி. இன்னும் கேட்கச் சருகுமானுக்குக் கூச்சம். தலையை ஆட்டிவிட்டுத் திரும்பியது.

வழியில் குரங்கு பிடித்துக்கொண்டது.

"என்ன அக்கா, சிலந்தி வீட்டுப் பக்கமிருந்தா வருகிறீர்கள்? அந்த நூலா? அடடா! பக்கத்தில் நின்று தும்மினால் அறுந்துவிடுமே! என் கொடியைப் பாருங்கள், குடும்பத்தோடு ஊஞ்சல் ஆடுகிறோம்!"

"எவ்வளவு நாள் ஆகும்?"

"நாளா? கையோடு மாட்டித் தருகிறேன். இப்போது சேர்ந்தால் ஒரு கொத்து அத்திப்பழம் இலவசம்!"

"நன்றாகக் கேட்குமா?" என்று சருகுமான் மெல்லக் கேட்டது.

"நாளை உச்சிவேளைக்கு வாருங்கள். நீங்களே பேசிப் பாருங்கள். பிடிக்காவிட்டால் விட்டுவிடுங்கள்."

மறுநாள் உச்சிவெயிலில் காடே கண்ணயர்ந்திருந்தது. குரங்குகள் கிளைகளில் கவிழ்ந்து தூங்கின. கிளிகளிடம் சத்தமே இல்லை. குரங்கு சருகுமானின் புதரிலும் மறுகரையில் தங்கை வீட்டிலும் ஆளுக்கொரு குடுக்கை மாட்டி வைத்திருந்தது. சருகுமான் குடுக்கையில் வாய் வைத்து, "தங்கச்சி!" என்றது.

"அக்கா! பக்கத்தில் நின்று பேசுகிற மாதிரி இருக்கிறதே! குட்டி சிணுங்குவது கேட்கிறதா?"

கேட்டது. சருகுமானுக்குக் கண் கலங்கிவிட்டது.

இருந்தாலும் அது அவசரப்படவில்லை. பக்கத்து வளையில் இருந்த முள்ளம்பன்றியை விசாரித்தது.

"அண்ணா, உங்கள் வீட்டில் கொடி இணைப்பு எப்படி?"

"போட்டு வெகுநாள் ஆயிற்று. ஒரு தொல்லையும் இல்லை," என்றது முள்ளம்பன்றி.

சருகுமான் நிம்மதியாகக் கொடியையே வாங்கிவிட்டது.

சில நாளில் கீழைக்காற்று வீசியது. சிலந்தி புதர் வாசலில் வந்து நின்றது.

"காற்று வந்துவிட்டது. நூல் இழுக்கட்டுமா?"

"வேண்டாம். கொடி வாங்கிவிட்டேன்."

"சரி," என்று சிலந்தி போய்விட்டது.

ஒரு மாலை, வெயில் தாழ்ந்த நேரம். குடுக்கை அதிர்ந்தது. சருகுமான் பாய்ந்து போய்க் காதை வைத்தது.

"வடக்கு அத்தி பழுத்துவிட்டதாம்!"

"எந்த அத்தி?"

"காதில் என்ன களிமண்ணா? வடக்கு அத்தி!"

"உன் மாமன் நேற்றே ஏறித் தின்றுவிட்டானே!"

"யாரைச் சொல்கிறாய்? நேரில் வா, வாலை முடிச்சுப் போடுகிறேன்!"

குரங்குகள், கிளிகள், நரிகள் எல்லாம் ஒரே கொடியில் இரைந்தன. அந்த இரைச்சலுக்கு நடுவே மெல்லியதாக ஒரு குரல்: "...க்கா..."

"தங்கச்சியா? நீயா?"

"யார் அது குறுக்கே? போய்ப் படு!" என்றது ஒரு கிளி.

"கொஞ்சம் வழிவிடுங்களேன். என் தங்கை பேசுகிறாள்..."

சருகுமானின் குரல் அதன் காதுக்கே சரியாகக் கேட்கவில்லை. 'கூப்பிட்டது தங்கைதானா, ஏதாவது காக்கையா? காக்கை என்றால் வீணாகச் சிறுத்தையின் வாயில் போய் விழவேண்டுமே. இன்னொரு முறை கூப்பிடட்டும், போகலாம்,' என்று காதை எடுக்காமல் நின்றது. அத்திப்பழச் சண்டைதான் கேட்டுக்கொண்டே இருந்தது.

விடிந்தது. கொடி அமைதியானது. "தங்கச்சி!" என்று சருகுமான் கூப்பிட்டது. பதில் இல்லை. வெட்டவெளியைக் கடந்து துறைக்கு ஓடியது. ஓடையில் இறங்கி மறுகரையில் ஏறியது.

அங்கே ஈரமண்ணில் குளம்புத் தடங்கள். ஓரிடத்தில் ஒரு மான் வெகுநேரம் நின்றிருக்க வேண்டும். தடம் ஆழமாகப் பதிந்திருந்தது. அதைச் சுற்றிச் சுற்றிப் புளியங்கொட்டை அளவில் குட்டித் தடங்கள். பிறகு இரண்டும் மலைப்பக்கம் போயிருந்தன. மேலே கற்பாறை. அதற்கு மேல் தடம் இல்லை.

திரும்பி வந்த சருகுமான் குரங்கிடம் கேட்டது: "நேற்று மாலை ஒன்றுமே கேட்கவில்லையே?"

"மாலையில் எல்லோரும்தானே பேசுவார்கள்! ஊருக்கெல்லாம் ஒரே கொடி. உங்கள் தங்கை உச்சிவேளையில் கூப்பிட்டிருக்கலாமே?"

"நீ முன்பே சொல்லவில்லையே."

"நீங்கள் கேட்கவில்லையே, அக்கா!" என்று குரங்கு தாவிப் போய்விட்டது.

முள்ளம்பன்றி வளையிலிருந்து தலையை நீட்டியது. "மாலையில் அது அப்படித்தான் கத்தும். நான் குடுக்கையில் இலவம்பஞ்சைத் திணித்துவிட்டேன்."

"ஒரு தொல்லையும் இல்லை என்றீர்களே, அண்ணா?"

"என்னோடு யார் பேசப்போகிறார்கள்? அதனால் எனக்குத் தொல்லை இல்லை."

மான்கள் வெயில் தாழ்ந்த பிறகுதான் பயணம் புறப்படும். அது சருகுமானுக்குத் தெரியாததா? தெரிந்திருந்தும் உச்சிவேளையில் பேசிப் பார்த்தது அதன் நெஞ்சை அறுத்தது.

அது சிலந்தியிடம் போய் நின்றது. "எனக்கு ஒரு நூல் இழுத்துத் தருவாயா?"

"தருகிறேன். காற்றுகூட நன்றாக இருக்கிறது," என்றது சிலந்தி. "மறுமுனையை எங்கே கட்ட வேண்டும்?"

சருகுமான் மலையைப் பார்த்தது. அதற்கப்பால் தங்கை எங்கே இருக்கிறதோ, யாருக்குத் தெரியும்?

நீதி: ஒரு பொருளை அது சும்மா இருக்கும் நேரத்தில் சோதித்துப் பயனில்லை; நமக்குத் தேவைப்படும் நேரத்தில் அது உதவுமா என்று பார்த்தே தேர்ந்தெடுக்க வேண்டும்.