தவளை அண்ணே, ராசா அண்ணே

முன்னொரு காலத்தில் ஆலங்கரை நாட்டை வீரகண்டன் என்றொரு ராசா ஆண்டு வந்தான். காலையில் ஒருவனுக்கு மாலை போடுவான். உச்சி வெயிலுக்குள் அவனையே கழுதைமேல் ஏற்றுவான். அப்படிப்பட்டவனின் சபையில் நின்றபோது மூக்காயி சொல்லவேண்டியதை வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டாள். நடந்ததைத் தப்பாகச் சொல்லிவிடுவோமோ, முன்னதைப் பின்னதாக்கிவிடுவோமோ என்று பயம். சொல் பிசகினால் உயிர் போகாது, பள்ளிக்கூடத்து வாசல் போய்விடும். அவளுக்கு இரண்டும் ஒன்றுதான்.

மூக்காயி பள்ளிக்கூடத்தில் மணல் நிரவுகிறவள். அந்த ஊர்ச் சின்னப் பிள்ளைகள் ஏடு தொடுவதற்கு முன் தரையில் பரப்பிய மணலில் விரலால்தான் எழுதுவார்கள். மாலையில் பிள்ளைகள் எழுந்ததும் அவள் அதைத் தட்டிச் சமன் செய்வாள். எட்டு வயதில் அவளும் அங்கே உட்கார்ந்து எழுதியவள்தான். பாட்டுப் பாடம் தொடங்குகிற வாரம் தாய் படுக்கையில் விழுந்தாள். மகளை அடுப்படிக்கு இழுத்துக்கொண்டார்கள். முப்பத்தைந்து வருடமாகியும், பிள்ளைகள் ராகம் இழுக்கிற சத்தம் கேட்டால் அவள் கைவேலையைப் போட்டுவிட்டு வாசலோரம் வந்து நிற்பாள்.

ஒருநாள் ராசாவுக்கு ஓர் ஆசை வந்தது. "நம் நாட்டுப் பொடிசுகள் பாட்டுக் கட்டவேண்டும். ஒரு மாதத்தில் என் காதால் கேட்கவேண்டும்!"

அரண்மனைப் புலவர் வாகீசர் பள்ளிக்கு வந்தார். அசை என்றார், சீர் என்றார், தளை என்றார். பிள்ளைகள் கொட்டாவி என்றன. தினமும் அவர் பல்லக்கு ஏறிப் போனதும் மூக்காயி மணலை நிரவ வருவாள். "அழிக்கிறதுக்கு முன்னால ஒரு விளையாட்டு. உன் பாட்டுல ஒரு சொல்லை எடு, வேற ஒண்ணை வை. பாட்டு எங்கே ஓடுதுன்னு பார்ப்போம்," என்பாள். பிள்ளைகள் வீட்டுக்கே போகமாட்டார்கள். மணல் பூராவும் பாட்டாகிவிடும்.

மறந்துவிட்டுப் போன சால்வையை எடுக்கத் திரும்பி வந்த புலவர் ஒருநாள் இதைப் பார்த்துவிட்டார். தன்னிடம் தூங்குகிற பிள்ளைகள் இவளிடம் குதிக்கின்றனவே என்று வயிறு எரிந்தது. "மகாராசா, மணல் நிரவுகிறவள் பிள்ளைகளைக் கெடுக்கிறாள்," என்று கோள் மூட்டினார். அதனால்தான் பாட்டுக் கேட்கிற நாளில் அவளையும் சபைக்கு இழுத்து வந்தார்கள்.

முதலில் சிலம்பன் என்ற பொடியன் கைகட்டிச் சொன்னான்:

"வெண்மதி போலும் வேந்தன் திருமுகம்,
மண்மிசை வாழ்க மன்னவன் பெருங்குலம்."

"அடடா! இவன் கட்டியதா?" ராசா கழுத்து முத்துமாலையைக் கழற்றப் போனான்.

"எல்லாம் அடியேன் பயிற்சி," என்று புலவர் குனிந்தார்.

ராசா மூக்காயி பக்கம் திரும்பினான். "நீதான் பிள்ளைகளைக் கெடுத்தவளா?"

"எனக்குச் சரியாச் சொல்ல வராது, சாமி. ஆனா இது பிள்ளை கட்டின பாட்டு இல்லை."

"பிள்ளைகள் கட்டியது எங்கே? காட்டு பார்ப்போம்!" என்று புலவர் சீறினார்.

"நான்தான் அழிச்சிட்டேன்."

சபை குலுங்கிச் சிரித்தது. மூக்காயி விடவில்லை: "பாட்டைக் கட்டினவனுக்கு அதைக் கலைக்கவும் தெரியும், மகாராசா. மனப்பாடம் பண்ணினவன் ஒரு சொல் நகர்ந்தாலும் விழுந்துடுவான். நீங்களே ஒரு சொல்லை எடுத்துப் பாருங்க."

விளையாட்டென்றால் ராசாவுக்குச் சோறு வேண்டாம். "டேய், வெண்மதியை எடுத்துவிடு. அங்கே வேறு எதையாவது வை."

சிலம்பன் விழித்தான். "வெண்... வெண்மதி போலும்..." என்று மறுபடி முதலிலிருந்து தொடங்கினான். மூன்றாம் முறை புலவர் முகத்தைப் பார்த்தான். புலவர் கூரையைப் பார்த்தார்.

"உன் சொந்தப் பாட்டைச் சொல்லுடா சிலம்பா," என்றாள் மூக்காயி. பையனுக்கு உயிர் வந்தது.

"தவளை அண்ணே, தவளை அண்ணே,
தண்ணிக்குள்ளே என்ன சண்டை?
பெரிய நண்டு கிள்ளிப் போட்டால்
எங்கள் வீட்டுக்கு வந்திடு அண்ணே!"

"தவளையை எடு, என்னை வை!" என்றான் ராசா.

சிலம்பன் மூச்சுக்கூட விடவில்லை:

"ராசா அண்ணே, ராசா அண்ணே,
சபைக்குள்ளே என்ன சண்டை?
பெரிய புலவர் கிள்ளிப் போட்டால்
எங்கள் வீட்டுக்கு வந்திடு அண்ணே!"

சபையார் ராசா முகத்தைப் பார்த்தார்கள். பிறகு ராசா தொடையில் அடித்துச் சிரித்தான் பாருங்கள், கிரீடம் காதுவரைக்கும் இறங்கிவிட்டது. "வேறு யார் இருக்கிறீர்கள்?"

ஏழு வயதுத் தேனம்மை முன்னால் வந்தாள். மெதுவாகச் சொன்னாள்:

"அம்மா போன ஊருக்கு
எத்தனை பனைமரம்?
எண்ணிக்கொண்டே நடந்தால்
எங்கள் அம்மா வருவாளா?"

இதில் ஒரு சொல்லையும் எடுக்கச் சொல்ல ராசாவுக்கு வாய் வரவில்லை. கிரீடத்தை மடியில் இறக்கி வைத்து, "நானும் ஆறு வயதில் ஒன்று கட்டினேன். அணிலைப் பற்றி. ஒரு வரிகூட நினைவில் இல்லை. யார் அழித்தார்களோ," என்றான்.

"என்னை மாதிரி ஒருத்திதான் அழிச்சிருப்பா, மகாராசா. ஆனா அழிக்கிறதுக்கு முன்னால படிச்சிருப்பா."

ராசா முகத்தைத் துடைத்துக்கொண்டான். முத்துமாலை தேனம்மை கழுத்துக்குப் போனது. "புலவரே, ஒரு மாதம் நீர் மணலை நிரவும். ஒவ்வொன்றையும் படித்துவிட்டு நிரவும். மூக்காயி, இன்றுமுதல் நீயே ஆசிரியை!"

சபை வாழ்த்தியது. மூக்காயியோ வீடு போகும்வரை ஒன்றையே யோசித்துக்கொண்டு நடந்தாள். இன்றைக்கு ஆசிரியை, நாளைக்கு எந்தக் கழுதையோ? ஆலங்கரைச் சட்டப்படி பாடம் தப்பினால் ஆசிரியரைத் தண்டிக்கலாம்; படிக்கிற பிள்ளையை மட்டும் ராசாவும் தண்டிக்க முடியாது.

மறுநாள் காலை அவள் ஆசிரியர் பலகையில் உட்காரவில்லை. பிள்ளைகளின் பெயர் கூப்பிடுகிற சட்டாம்பிள்ளையிடம் சொல்லித் தன் பெயரைப் பிள்ளைகள் பட்டியலில் கடைசியாகச் சேர்த்துக்கொண்டு, தேனம்மை பக்கத்தில் சம்மணம் போட்டாள். அன்றுமுதல் பாட்டுப் பாடம் கடைசி வரிசையிலிருந்தே நடந்தது. அந்த முதல் நாள் பெயர் கூப்பிட்டபோது, எல்லாப் பிள்ளைகளையும்விட உரக்க, "உள்ளேன்!" என்றாள்.