ஆற்றங்கரையில் பிளந்த வால்

அந்தக் காலத்தில் பறவைகளும் நம்மைப்போலவே வாய் ஓயாமல் பேசின. கூட்டம் போட்டன, ஒப்பந்தம் செய்தன, செய்த ஒப்பந்தத்தை வைத்துக்கொண்டு ஒன்றையொன்று பாடாய்ப் படுத்தவும் செய்தன. ஓர் ஆற்றின் கிழக்குக் கரையில் பெரிய வாகை மரம் ஒன்று இருந்தது. அதன் உச்சியில் கரிச்சான் குருவிகள் குடியிருந்தன. அவற்றின் தலைவி மையாத்தாள். கையளவு உடம்புதான். ஆனால் கோபம் வந்துவிட்டால் கழுகின் முதுகிலேயே ஏறி உட்கார்ந்து கொத்துவாள். அந்தத் தைரியத்தை நம்பி மணிப்புறாக்களும் சின்னச் சின்னக் குருவிகளும் அதே மரத்தின் கீழ்க்கிளைகளில் கூடு கட்டியிருந்தன.

நாலு வயல் தள்ளி ஓர் இலுப்பை மரம். அதன் பொந்துகளில் மைனாக்கள். அவற்றின் தலைவன் மஞ்சமூக்கன். நல்லவன்தான், வாய் மட்டும் கொஞ்சம் நீளம். ஒரு வருஷம் சாரைப்பாம்பு இலுப்பையில் ஏறியபோது மையாத்தாள் போய்த் தலையிலேயே கொத்தி இறக்கினாள். அடுத்த மாதமே பாம்பு வாகைக்கு வந்தது. தரையில் மேய்ந்துகொண்டிருந்த மைனாக்கள் முதலில் பார்த்துக் கத்தியதால் அத்தனை குஞ்சுகளும் பிழைத்தன.

அன்றைக்கே இரண்டு மரமும் சத்தியம் செய்துகொண்டன. ஒரு மரத்துக்கு ஆபத்து என்றால் மூன்று சீட்டி. சீட்டி கேட்டதும், ஏன் எதற்கு என்று கேட்காமல் மற்ற மரம் பறந்து வர வேண்டும். கேள்வி கேட்டுக்கொண்டு நிற்கிற நேரத்தில் பாம்பு விழுங்கிவிடுமே! இப்படியே நாலைந்து வருஷம் ஓட, கேட்காமல் போவதுதான் மரியாதை, கேட்பது கேவலம் என்று ஆகிவிட்டது. மையாத்தாளுக்கு அதில் ஒரு பெருமைகூட உண்டு.

ஒரு சித்திரை மாதக் காலையில் மூன்று சீட்டி கேட்டது. கரிச்சான்கள் மொத்தமும் விருட்டென்று கிளம்பின. கீழ்க்கிளையில் மணியாள் என்ற புறாவுக்கு இரண்டு குஞ்சு பொரித்து மூன்றே நாள் ஆகியிருந்தது.

"அக்கா, அத்தனை பேருமா போறீங்க?" என்றாள் அவள்.

"சத்தியம் பண்ணியாச்சே புள்ளே. கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள வந்துருவேன்" என்று சொல்லிவிட்டு மையாத்தாள் பறந்தாள்.

இலுப்பை மரத்தடியில் பாம்பும் இல்லை, பல்லியும் இல்லை. மைனாக்கள் அணி அணியாக மேற்கே பறந்துகொண்டிருந்தன. "பின்னாலயே வா, அம்மிணி!" என்று மஞ்சமூக்கன் குரல் கொடுத்தான். கேட்பது கேவலமாயிற்றே! மையாத்தாளும் வாயை மூடிக்கொண்டு ஆற்றங்கரை வரைக்கும் போனாள். அங்கே ஒரு பாறையில் எல்லோரும் இறங்கியதும்தான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"ஏனுங்கண்ணா, பாம்பு எங்கீங்க?"

"பாம்பா? அதெல்லாம் இல்லை. அக்கரையில அந்த மொட்டைப் பனைகளைப் பாரு. எத்தனை பொந்து! பூராவும் கிளிங்க. எங்க சனம் பெருகிப் போச்சு. புடிச்சுக்கலாம்னு முடிவு பண்ணிட்டோம்."

"கிளிங்க உங்க மரத்துக்கு வந்து வம்பு பண்ணுச்சுங்களா?"

"இன்னும் பண்ணலை. நாளைக்குப் பண்ணாதுன்னு யாரு கண்டா?"

"பொந்துக்குள்ள குஞ்சு இருக்குமேங்கண்ணா?"

"இருக்கும்" என்றான் மஞ்சமூக்கன், தண்ணீரைப் பார்த்துக்கொண்டே.

மையாத்தாள் அக்கரைப் பனைகளைத் திரும்பிப் பார்த்தாள். பக்கத்தில் அவள் தம்பி வெடுக்கன் இறக்கையைப் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தான். அவனுக்குச் சண்டை என்றால் சாப்பாடே வேண்டாம். "என்னக்கா பேச்சு? கூட்டாளி கூப்பிட்டாப் போகணும். இன்னிக்கு நாம போகலைன்னா, நாளைக்கு நம்ம மரத்துல பாம்பு ஏறும்போது யாரு கத்துவாங்க?" என்றான்.

அவன் சொன்னதும் பொய்யில்லை. அதுதான் அவளை வாட்டியது. மஞ்சமூக்கன் பக்கம் திரும்பிச் சொன்னாள்: "அண்ணா, போகாதீங்க. முதுகுக்குப் பின்னால சொல்லாம மூஞ்சிக்கு நேராவே சொல்றேன், இது தப்பு. எங்க வாகையில பட்டுப்போன கிளையில மூணு பொந்து கிடக்குது. அதை எடுத்துக்குங்க. மீதிக்குச் சேர்ந்து தேடலாம்."

"மூணா! எனக்கு முப்பது வேணும். யோசனை சொல்றதுக்கா உன்னைக் கூப்பிட்டேன்? கொத்தறதுக்குக் கூப்பிட்டேன்."

அந்த நேரம் பார்த்து மணியாள் மூச்சிரைக்க வந்து பாறையில் விழுந்தாள். "அக்கா, வல்லூறு! நம்ம மரத்தையே சுத்திச் சுத்தி வருது. அங்க ஒருத்தருமே இல்லைக்கா!"

மையாத்தாள் எழும்பினாள். மஞ்சமூக்கன் பாய்ந்து அவள் வாலின் வலது பக்கத்தைக் கவ்விக்கொண்டான். "ஆத்தைத் தாண்டிட்டு அப்புறம் போ! இப்பப் போனா சத்தியம் செத்துச்சு!" என்று பல்லிடுக்கில் பேசுகிறவன்போல அலகிடுக்கில் உறுமினான். பதறிப்போன மணியாள் இடது பக்கத்தைக் கவ்வி வீட்டுப்பக்கம் இழுத்தாள். பாவம், அவளுக்கு வேறு என்ன தெரியும்! இவன் அந்தப் பக்கம், அவள் இந்தப் பக்கம். அதுவரைக்கும் கரிச்சானுக்கு வால் ஒற்றையாய், நேராய்த்தான் இருந்தது. சர்ர்ரென்று நடுவில் கிழிந்தது. ஐயோ, என்ன வலி வலித்திருக்கும்!

"நான் சத்தியம் பண்ணுனது உங்க மரத்துக்குங்கண்ணா. உங்க சண்டைக்கு இல்லை" என்று சொல்லிவிட்டு, கிழிந்த வாலோடு திரும்பிப் பறந்தாள். மற்ற கரிச்சான்களும் பின்னாலேயே போயின. வெடுக்கனும் போனான், முனகிக்கொண்டே.

வல்லூறை அடித்துத் துரத்தினார்கள். ஆனால் மணியாள் கூட்டில் ஒரு குஞ்சுதான் மிச்சம் இருந்தது. மையாத்தாள் அந்தக் கூட்டின் விளிம்பில் உட்கார்ந்து அழுதாள். இலுப்பை மரத்தடியிலேயே ஒரு வார்த்தை கேட்டிருந்தால்! எங்கே, எதற்கு என்று ஒரே ஒரு வார்த்தை! மணியாள் மிஞ்சிய குஞ்சை இறக்கைக்குள் அணைத்துக்கொண்டாள். திட்டியிருந்தாலாவது தேவலையாக இருந்திருக்கும்.

உச்சிவெயில் சாய்வதற்குள் ஆற்றுப்பக்கம் ஒரே கூச்சல். போன மைனாக்கள் செமத்தியாக வாங்கிக் கட்டிக்கொண்டு, இறகு பிய்ந்து திரும்பி வந்துகொண்டிருந்தன. பின்னாலேயே கிளிக்கூட்டம். அவை மைனாக்களை விட்டுவிட்டு நேராக இலுப்பை மரத்தைப் பார்த்துத் திரும்பின. உடனே மூன்று சீட்டி கேட்டது.

"போகாதே அக்கா. அவங்களாத் தேடிக்கிட்டது, படட்டும்" என்றான் வெடுக்கன்.

இந்தத் தடவை மையாத்தாள் கேட்டாள். "யாரு ஊதறா? எங்கிருந்து?"

"மரத்துலதான். குஞ்சு காக்கற மைனாப் பொம்பளைங்க."

"அப்ப வா. பாதிப் பேரு இங்கயே இருக்கட்டும்."

இலுப்பையின் முதல் கிளையில் போய் அவள் குறுக்கே நின்றாள். கிளிகளின் தலைவர் பச்சைநாயகம் எதிரில் வந்து இறங்கினார். அவர் மார்பில் ரத்தம்.

"நகரு அம்மணி. எங்க குஞ்சு ரெண்டைக் கீழே தள்ளிட்டாங்க."

"தப்புதானுங்க. இல்லைன்னு நான் சொல்லவே மாட்டேன். ஆனா இந்தப் பொந்துல இருக்கறதுக்கு இன்னும் கண்ணே திறக்கலைங்க. அதுக ஆத்தைத் தாண்டலை."

"நீ அவங்க கூட்டாளிதானே?"

"ஆமாங்க. அதனாலதான் இங்க நிக்கறேன். காலையில உங்க பனையில என்னைப் பார்த்தீங்களா?"

பச்சைநாயகம் அவளை ஏற இறங்கப் பார்த்தார். கிழிந்த வாலைப் பார்த்தார். பெருமூச்சு விட்டுவிட்டுத் தன் கூட்டத்தைத் திருப்பினார். ரத்தம் கொதித்துப்போன சில கிளிகள் மட்டும் கேட்காமல் பொந்துக்குப் பாய்ந்தன. கரிச்சான்கள் அவற்றை ஆறு வரைக்கும் விரட்டின. வெடுக்கனுக்கு வேகம் அடங்கவில்லை. தண்ணீருக்கு மேலேயே போய்விட்டான்.

"டேய் வெடுக்கா! ஆறு வந்துருச்சு, திரும்புடா!" என்று மையாத்தாள் கத்தினாள். அவன் அந்தரத்தில் ஒரு குட்டிக்கரணம் போட்டுத் திரும்பினான்.

மஞ்சமூக்கன் ஒரு கால் நொண்டிக்கொண்டு வந்து சேர்ந்தான். அப்போதும் வாய் குறையவில்லை. "கூப்பிட்டும் நீ வரலைன்னு ஊரெல்லாம் சொல்லுவேன்" என்றான்.

"தாராளமாச் சொல்லுங்கண்ணா. உங்க குஞ்சுகளை மடியில வெச்சுக்கிட்டே சொல்லுங்க" என்றாள் மையாத்தாள்.

அன்று முதல்தான் கரிச்சானுக்கு வால் இரண்டாகப் பிளந்திருக்கிறது. காக்கையோ கழுகோ கூட்டருகே வந்தால் தலையில் அடித்து விரட்டும். தன் எல்லை முடிந்ததும் சட்டென்று திரும்பிவிடும். புறாவும் மாங்குயிலும் இன்றைக்கும் கரிச்சான் இருக்கிற மரமாகப் பார்த்துத்தான் கூடு கட்டுகின்றன. மைனாவும் கிளியும் பொந்துக்காக இன்னும் அடித்துக்கொண்டுதான் இருக்கின்றன. அந்தச் சண்டைக்குக் கரிச்சானைக் கூப்பிட்டுப் பாருங்கள், வராது.