விராலுக்குத் தவளைமேல் என்ன கோபம்?

அந்தக் காலத்தில், மீனும் தவளையும் மனிதரும் ஒரே பேச்சுப் பேசிய நாளில், எந்தத் தூண்டிலிலும் விரால் சிக்கியதில்லை. ஏரியின் ஆழமான மடுவில், குளிர்ந்த சேற்றின்மேல் அது கிடக்கும். முட்டையிட மட்டும் கோரைப்புல் ஓரத்துக்கு வரும். இட்ட முட்டைகளைத் தவளையிடம் ஒப்படைத்துவிட்டுக் கீழே போய்விடும்.

"தம்பி, குஞ்சுங்க வளர்ற வரைக்கும் பாத்துக்கோ. உன் தலைப்பிரட்டைகளை நான் தொடமாட்டேன்" என்பது அவர்களுக்குள் இருந்த பேச்சு.

ஒரு கோடையில் குஞ்சுகள் பொரித்து, சிவப்புச் சிவப்பாக நீர்மேல் மொய்த்திருந்தபோது மழை கொட்டியது. தவளைக்கு இருப்புக்கொள்ளவில்லை. கரையேறிப் போய் வயல்தண்ணீரில் உட்கார்ந்து கத்தத் தொடங்கியது. மழை விட்டுத் திரும்பியபோது, நீர்க்காகங்கள் வயிறு நிறைந்து இறக்கை உலர்த்திக்கொண்டிருந்தன. குஞ்சுகளில் பாதியைக் காணவில்லை.

விரால் மேலே வந்து பார்த்தது.

"எங்கே போனே?"

"மழை வந்துச்சு அக்கா. மழை வந்தா நான் எப்படிக் கத்தாம இருப்பேன்?"

விரால் பாய்ந்தது. தவளை தாவித் தப்பியது.

மிஞ்சிய குஞ்சுகளை விட்டு விரால் கீழே போகவில்லை. ஆனால் ஓரத்துத் தண்ணீர் வெயிலில் சுட்டது. அதில் மூச்சு முட்டியது. வாய் பிளந்து சாய்ந்து கிடந்த அதை, கரையில் கெண்டைக்குத் தூண்டில் போட்டிருந்த அங்காயி பார்த்தாள்.

"மடுவுக்குப் போயேன். இங்கே கிடந்தா செத்துப்போவே."

"போனா இதுங்க செத்துப்போகும். தவளையை நம்பிப் பாதியை விட்டுட்டேன். இப்ப அவனைக் கண்டாலே உடம்பு பதறுது."

அங்காயி யோசித்தாள். "நாங்க மூச்சு விடறதைப் பாத்திருக்கியா? தலையைத் தூக்கி ஒரு வாய் காத்தை விழுங்கிப் பாரேன்."

விரால் விழுங்கியது. நெஞ்சு எரிந்தது. மறுபடி விழுங்கியது. சாய்ந்திருந்த உடம்பு மெல்ல நிமிர்ந்தது.

இந்த அதிசயத்தை அங்காயி வீட்டில் போய்ச் சொன்னாள். அவள் கணவன் சடையன் காதில் வேறொன்றுதான் விழுந்தது. விரால் மேலே வந்துவிட்டது. தவளையைக் கண்டால் பதறுகிறது. மறுநாள் அவன் தூண்டில் முள்ளில் ஒரு தவளையைக் கோத்துக் குஞ்சுகளின் நடுவே போட்டான். விராலுக்குப் பசியில்லை. தவளையின் கால் அசைந்ததுதான் தாமதம், கவ்விவிட்டது.

கரையில் முழங்கை நீளத்துக்கு மீன் துடித்தது. "இத்தனை நாள் இது தெரியாம போச்சே" என்று சடையன் சிரித்தான்.

கூட வந்திருந்த அங்காயி தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குஞ்சுகள் ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி வந்தன. நீர்க்காகம் ஒன்று தாழப் பறந்தது.

"இதை விட்டுடுங்க."

"கையில வந்த மீனையா?"

"குஞ்சுங்க பெரிசாகட்டும். அப்புறம் நானே உங்ககூட வந்து தூண்டில் போடறேன்."

அவன் அசையவில்லை. அவளே குனிந்து முள்ளைக் கழற்றினாள்.

"முள் இருக்குன்னு தெரியலியா உனக்கு?" என்று மீனிடம் கேட்டாள்.

"தவளையைத்தான் பாத்தேன்" என்றது விரால். அவள் அதை நீரில் நழுவவிட்டாள்.

விரால் மேலே வந்து காற்றை விழுங்குவதும், குஞ்சுகளுக்கு அடியில் காவல் நின்று பசியில்லாமலே தவளையைக் கவ்வுவதும் அந்தக் கோடையில் தொடங்கியவை. சடையன் வாய் சும்மா இருக்கவில்லை; தவளைத் தூண்டில் ஊரெல்லாம் பரவிவிட்டது. ஆனால் சிவப்பாக மொய்க்கும் குஞ்சுகளைக் கண்டதும் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு வேறு கரைக்கு நடக்கிறவர்களும் அன்று முதல்தான் இருக்கிறார்கள்.